ஏரித் தண்ணீரைச் சோதிக்க இறங்குமுன்

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்த மீட்டர் வாங்கணும்?" மீட்டர் பிறகு. ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு, அது வரும் திசையை நோக்கி இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். போய் வந்தவர்களுக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும். மீன் வெட்டும் இடம் எங்கே, எந்தத் தெருவின் சாக்கடை எங்கே இறங்குகிறது, செப்டிக் டேங்க் லாரி இரவில் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் எந்த மீட்டரிலும் தெரியாது.

நடு ஏரியில் மொண்ட தண்ணீர் "கெட்டிருக்கிறது" என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கமிருந்து கெடுகிறது, எதை நிறுத்தினால் தேறும் என்று வாய்க்கால்தான் சொல்லும். ஏரியைக் காப்பாற்றுவதற்காகச் சோதிக்கிறோம் என்றால் வாய்க்காலில்தான் தொடங்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

முதலில் உங்கள் ஏரி எப்படிப்பட்டது என்று பாருங்கள்

ஏரி ஆய்வு பற்றிய பாடப்புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு ஆழமான ஏரிகளை மனதில் வைத்து எழுதியவை. புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து ஏரி அப்படியல்ல. ஒருபக்கம் மனிதர் போட்ட கரை, மறுபக்கம் மெல்லச் சரிந்து ஏறும் உள்வாய், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி, சித்திரை வைகாசியில் சுருங்கும். காற்று அடித்தால் அடிச்சேறு மேலே வந்துவிடும். அதனால் புத்தகத்து வரம்புகளை அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது.

நீர் வரும் வழியும் ஏரிக்கு ஏரி வேறு. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணித் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்காலில் வருகிறது. வீராணத்துக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு. வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் மழைநீரோடு நெய்வேலிச் சுரங்கங்களில் இறைக்கும் நீரும் சேர்கிறது. இந்த ஐந்தையும் ஒரே படிவத்தில் சோதித்தால் ஐந்திலும் ஏதோ ஒன்று விட்டுப்போகும். சோழர் காலத்து வீராணம் 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தருகிறது, ஆகவே அங்கே கிருமியும் பாசியும் பெரிய கேள்வி. சுரங்க நீர் சேரும் ஏரியில் உப்பையும் உலோகங்களையும் விட்டுவிட முடியாது. ஊசுட்டேரியில் பறவைகள், அவற்றுக்கு ஆழம் குறைந்த கரையோரமும் அதில் முளைக்கும் நீர்ச்செடிகளும் தண்ணீரின் வேதியியலைவிட முக்கியமாகிவிடும்.

ஆகவே முதல் வேலை, யாருக்காக இந்தத் தண்ணீர் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இப்படித்தான் பிரித்திருக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தக்க நீர் ஏ வகுப்பு, குளிக்கத் தக்கது பி, வழக்கமான சுத்திகரிப்புக்குப் பின் குடிக்கத் தக்கது சி, மீனுக்கும் காட்டுயிருக்கும் டி, பாசனத்துக்கு இ. குளிக்கிற நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. (நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா) 100 மில்லிக்கு 500க்குள் இருக்க வேண்டும். மீனுக்கு ஆக்சிஜன் 4 போதும், ஆனால் தனி அம்மோனியா (அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு) 1.2ஐத் தாண்டக் கூடாது. பாசனத்துக்கு மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) 2250 மைக்ரோசீமன்ஸ் வரை. ஒரே தண்ணீர் பயிருக்குப் பாஸாகி மீனுக்கு ஃபெயிலாவது சாதாரணம். "ஏரி நல்லா இருக்கா?" என்று யாராவது கேட்டால் "எதுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

வரைபடமும் இடங்களும்

ஒரு தாளில் ஏரியை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. கரை, மதகுகள், கலங்கல் (மிகைநீர் வழிந்தோடும் இடம்), ஒவ்வொரு வரத்து வாய்க்கால், கரையோர வீடுகள், மாடு குளிப்பாட்டும் படித்துறை, பிள்ளையார் கரைக்கும் இடம், வாத்து மேய்க்கிறவர்கள் பட்டி போடும் இடம் எல்லாம் அதில் வர வேண்டும். பிறகு ஐந்தாறு புள்ளிகள் போதும். ஒவ்வொரு முக்கிய வாய்க்காலிலும் ஏரியில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று. வாய்க்கால் கலந்த பிறகு ஏரிக்குள் ஒன்று. மதகடியில் ஒன்று. கலங்கலில் ஒன்று. படகு கிடைத்தால் நடுவில் ஒன்று. கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், மதகு மேடையில் நின்று எடுத்தாலே போதுமான ஆழம் இருக்கும். தேர்ந்தெடுத்த புள்ளியை மாற்றாதீர்கள். இந்த மாதம் வேப்பமரத்தடி, அடுத்த மாதம் வசதியான இடம் என்று போனால் ஒரு வருடத்துக் குறிப்பும் வீண்.

படத்தை எடுத்துக்கொண்டு மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் போங்கள். ஆடு மாடு ஓட்டுகிறவர்களிடம், மதகு திறந்து மூடுகிறவரிடம் பேசுங்கள். எந்த மாதம் தண்ணீர் நாறும், எந்த மீன் குறைந்தது, கலங்கல் கடைசியாக எப்போது ஓடியது என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. கேட்டதைத் தேதி போட்டு எழுதுங்கள்.

அனுமதி விஷயம்: ஊசுட்டேரி இரண்டு அரசுகளுக்குச் சொந்தமானது. புதுச்சேரிப் பக்கத்தை 2008இல் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவித்தார்கள், விழுப்புரம் மாவட்டப் பக்கத்தைப் பின்னர் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. உள்ளே இறங்கவும் படகு போடவும் அந்தந்த வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். மற்ற ஏரிகளில் பொதுப்பணித்துறையிடமோ நீர்வளத்துறையிடமோ ஒரு கடிதம் கொடுத்து வைப்பது நல்லது. பஞ்சாயத்திலும் சொல்லிவையுங்கள். சொல்லாமல் பாட்டிலும் கையுமாக நின்றால் யாரோ கம்பெனி ஆட்கள் என்று ஊரே கூடிவிடும். எங்களுக்கு அது நடந்திருக்கிறது.

தனியாகப் போகாதீர்கள். தூர் வாரிய ஏரியில் பொக்லைன் தோண்டிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்தவர்கள் செத்துப்போவது இந்தப் பள்ளங்களில்தான்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பி.எச். (அமிலமா காரமா என்பது) காட்டும் பேனா, மின்கடத்துதிறன் காட்டும் பேனா, தண்ணீர்த் தெர்மாமீட்டர், கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் சொட்டுமருந்துப் பெட்டி, அம்மோனியா நிறச்சோதனைப் பெட்டி, ஐஸ் பெட்டி, பென்சில். பேனா இல்லை, பென்சில்தான். நனைந்தால் மை ஓடிவிடும். பி.எச். பேனாவைப் போகிற அன்று காலையில், பி.எச். 7 உள்ள கரைசலிலும் 9.18 அல்லது 10 உள்ள கரைசலிலும் சரிபார்க்க வேண்டும். மின்கடத்துதிறனுக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல். சரிபார்க்காத பேனா தரும் எண்ணைவிட எண்ணே இல்லாமலிருப்பது மேல்.

தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கித் தட்டை வீட்டிலேயே செய்யலாம். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்ததிலிருந்து வந்த முறை இது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றி எனாமல் பெயின்ட் அடியுங்கள். நடுவில் துளை போட்டு, கீழே கனத்துக்கு ஒரு நட்டு, மேலே 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு. காலை 10 முதல் 2 மணிக்குள், நிழல் விழும் பக்கமாக இறக்க வேண்டும். தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழம் ஒன்று, மேலே இழுக்கும்போது திரும்பத் தெரியும் ஆழம் ஒன்று. இரண்டின் சராசரியை எழுதுங்கள். கூலிங்கிளாஸைக் கழற்றிவிடுங்கள். அடிவரை தெரிந்தால் "அடிவரை தெரிந்தது" என்று எழுதுங்கள், அந்த ஆழத்தைத் தெளிவின் அளவாக எழுதாதீர்கள்.

1977இல் ஏரி ஆய்வாளர் கார்ல்சன் வகுத்த கணக்குப்படி 2 மீட்டர் தெரிந்தால் ஏரிக்கு 50 புள்ளி, 1 மீட்டரில் 60, அரை மீட்டரில் 70. தெளிவு பாதியாகும்போதெல்லாம் பத்துப் புள்ளி ஏறும். 50ஐத் தாண்டினால் உரச்சத்து மிகுந்த ஏரி என்று பொருள். நம் ஏரிகளில் இதை எச்சரிக்கையோடு கொள்ளுங்கள். தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருந்தால் பாசி. செம்மண் நிறமாகக் கலங்கியிருந்தால் வெறும் களி. அதற்கும் உரச்சத்துக்கும் தொடர்பில்லாமல் இருக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து ஒரு மணிநேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மண் கீழே போகும். பாசி மிதக்கும், அல்லது பச்சையாகவே நிற்கும்.

எந்த நேரத்தில் போவது

இதில்தான் நாங்கள் நன்றாக ஏமாந்தோம். பாகூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஏரி. பிற்பகல் இரண்டு மணிக்குக் கரைந்த ஆக்சிஜன் பார்த்தோம், 11 மில்லிகிராம். ஏ வகுப்புக்கு 6 போதும் என்றால் இது எவ்வளவு அருமையான தண்ணீர்! வாட்ஸ்ஆப்பில் படம் போட்டாயிற்று. குத்தகைக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் டீக்கடையில் பார்த்தபோது, "தம்பி, நீங்க வெயில்ல வந்து பாத்தா அது நல்லாத்தான் இருக்கும். விடியக்காலைல வந்து பாருங்க" என்றார்.

ஐந்து மணிக்குப் போனோம். கெண்டை மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆக்சிஜன் 1.5.

காரணம் எளிது. 30 டிகிரித் தண்ணீர் காற்றிலிருந்து வாங்கித் தாங்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். அதற்கு மேலே 11 என்று காட்டினால் தண்ணீருக்குள்ளேயே யாரோ ஆக்சிஜன் செய்கிறார்கள், அதாவது பாசி மண்டிக்கிடக்கிறது. பகலில் வெயிலைத் தின்று ஆக்சிஜன் விடும் அதே பாசி இரவெல்லாம் ஆக்சிஜனைத் தின்னும். ஆகவே பகலில் மிக உயர்ந்த எண் நல்ல செய்தி அல்ல, நோயின் அறிகுறி. பி.எச்.சும் இதோடு சேர்ந்து ஆடும். பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பிற்பகலில் 9ஐத் தொட்டு, விடியலில் 7.5க்கு இறங்கிவிடும்.

எனவே எத்தனை சிரமமானாலும் விடிவதற்கு முன் ஒரு முறை, அதே நாள் பிற்பகல் ஒரு முறை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் அந்த ஏரியின் உண்மையான உடல்நிலை. மாதம் ஒரு நாள் இப்படிச் செய்தாலும் போதும், தினமும் பத்து மணிக்குப் போய்ப் பார்ப்பதைவிட அது மேல். குத்தகைக்காரரிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டோம்: விரால் பிடிபடுகிறது என்பதால் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. விராலும் தேளியும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். கெண்டை போய் விராலும் தேளியும் மட்டும் மிஞ்சுகிற ஏரி மூச்சுத் திணறுகிற ஏரி.

பாட்டிலில் பிடிப்பது

ஆய்வகத்துக்கு அனுப்பும் தண்ணீரில் நடக்கும் தவறுகளில் பாதி பாட்டிலில் நடப்பவை. கரையிலிருந்து கை நீட்டி மேல்தண்ணீரை மொள்ளாதீர்கள். மேலே எண்ணெய்ப் படலமும் தூசும் இருக்கும். பாட்டிலைக் கவிழ்த்தபடி ஒரு முழ ஆழத்துக்குக் கொண்டுபோய், அங்கே திருப்பி, நீரோட்டத்தை எதிர்த்துப் பிடித்து நிரப்புங்கள். சேறு கலங்குமாறு நடந்தபின் அந்த இடத்தில் எடுக்காதீர்கள். பொதுச் சோதனைக்கான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை கழுவலாம். கிருமிச் சோதனைக்கான பாட்டில் ஆய்வகத்திலிருந்து கிருமி நீக்கி வந்தது. அதைக் கழுவக் கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது.

பாஸ்பேட் பார்க்கும் பாட்டிலைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் ஏரியில் இருக்கும் பாஸ்பேட்டோடு உங்கள் சோப்பின் பாஸ்பேட்டும் சேர்ந்து வரும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். ஆக்சிஜன் பாட்டிலில் ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது, மருந்தை அந்த இடத்திலேயே விட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்த ஆக்சிஜன் வீட்டு ஆக்சிஜன்தான். மற்ற பாட்டில்கள் ஐஸ் பெட்டிக்குள், வெளிச்சம் படாமல். கிருமிச் சோதனைக்கு ஆறு மணிநேரத்துக்குள் போய்ச்சேர்ந்தால் உத்தமம், எப்படியும் 24 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது.

ஒவ்வொரு முறையும் இரண்டு பாட்டில் கூடுதலாக அனுப்புங்கள். ஒன்று, ஒரே இடத்தில் இரண்டாவதாகப் பிடித்தது. இன்னொன்று, காய்ச்சி வடித்த நீரை ஏரிக்குக் கொண்டுபோய் அங்கே திறந்து பாட்டில் மாற்றிக் கொண்டுவந்தது. எது எது என்று ஆய்வகத்துக்குச் சொல்ல வேண்டாம். இரட்டைப் பாட்டில்களின் எண்கள் ஒத்துவரவில்லை என்றாலோ, வெறும் நீரில் பாஸ்பேட் இருக்கிறது என்றாலோ, அந்த மாத அறிக்கையை நம்பாதீர்கள்.

ஆய்வகத்துக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தையோ அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தையோ அணுகலாம். குடிநீர் ஆய்வகம் பொதுவாகக் குடிநீருக்கான சோதனைகளையே செய்யும், பி.ஓ.டி.யும் மொத்தப் பாஸ்பரஸும் செய்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பி.ஓ.டி.யை நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறார்கள், வெளிநாட்டு எண்கள் பெரும்பாலும் 20 டிகிரியில் ஐந்து நாள். ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள்.

எண்களில் உள்ள கண்ணிகள்

நைட்ரேட் 44 என்று ஓர் ஆய்வகமும் 10 என்று இன்னோர் ஆய்வகமும் கொடுத்தால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒருவர் நைட்ரேட்டாகவும் மற்றவர் அதிலுள்ள நைட்ரஜனாகவும் எழுதியிருப்பார்; 4.43ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றே. பாஸ்பேட்டும் பாஸ்பரஸும் அப்படியே, அங்கே 3.07. அறிக்கையில் எதுவாக எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு அடிக்கோடிட்டு வையுங்கள்.

மலிவான பாஸ்பேட் பெட்டியில் நிறம் மாறவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அந்தப் பெட்டிகள் பல 0.25 மில்லிகிராமுக்குக் கீழே எதையும் காட்டாது. லிட்டருக்கு 0.035 மில்லிகிராம் மொத்தப் பாஸ்பரஸ் இருந்தாலே ஏரி பச்சையாவதற்குப் போதும். "0.25க்குக் கீழ்" என்று எழுதுவதுதான் நேர்மை. பாஸ்பரஸை ஏன் இப்படித் துரத்துகிறோம் என்றால், கனடாவில் 226ஆம் எண் ஏரி என்று ஒன்று உண்டு. 1973இல் அதைப் பிளாஸ்டிக் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்துப் போட்டார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப்பசேல் என்று ஆயிற்று.

அம்மோனியாவைப் பி.எச். இல்லாமல் படிக்க முடியாது. நிறச்சோதனைப் பெட்டி சொல்வது மொத்த அம்மோனியா, மீனைக் கொல்வது அதில் ஒரு பங்காக உள்ள தனி அம்மோனியா. 30 டிகிரியில் மொத்தம் 1 மில்லிகிராம் இருந்தால், பி.எச். 7இல் தனி அம்மோனியா சுமார் 0.008தான். 8இல் 0.075. 9இல் 0.45. காலையில் சாதுவாக இருந்த தண்ணீர் பிற்பகலில் விஷமாவது இப்படித்தான். வாரியத்தின் 1.2 வரம்பு எனக்கு ரொம்பத் தாராளமாகப் படுகிறது. மீன் வளர்ப்பவர்கள் 0.05க்கே கவலைப்படத் தொடங்கிவிடுவார்கள்.

எல்லா எண்களையும் கூட்டி ஏரிக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒற்றை மதிப்பெண் போடும் முறைகள் உண்டு. பத்திரிகைச் செய்திக்கு உதவும். மற்றபடி எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஏழு பாடத்தில் நல்ல மார்க் வாங்கி அம்மோனியாவில் செத்த மீன், சராசரியில் பாஸாகிவிடும்.

வாய்க்காலை எடை போடுதல்

புதியவர்கள் தவறவிடுகிற, ஆனால் காசே செலவாகாத வேலை இது. அழுக்கின் அளவு என்பது தண்ணீரின் அடர்த்தி மட்டுமல்ல, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதும்தான். வாய்க்காலில் நேராக ஓடும் பத்து மீட்டரை அளந்து, ஒரு சாத்துக்குடிப் பழத்தைப் போட்டு, கடக்கும் நேரத்தைப் பாருங்கள். மேல்நீர் வேகமாகப் போகும் என்பதால் கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்குங்கள். அகலம், சராசரி ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும்.

கணக்குக்காக ஒன்று பார்ப்போம். ஒரு மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள கறுப்புச் சாக்கடை. பழம் 40 நொடியில் போகிறது. நொடிக்கு 42 லிட்டர் சொச்சம். பாஸ்பரஸ் லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 11 கிலோ. இன்னொரு பக்கம், தெளிவாகத் தெரிகிற பாசன வரத்து வாய்க்கால்; 4 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம், பழம் 25 நொடியில் போகிறது. நொடிக்கு 680 லிட்டர். பாஸ்பரஸ் வெறும் 0.2தான். ஆனாலும் நாளுக்கு ஏறத்தாழ 12 கிலோ! சுத்தமாகத் தெரிந்த வாய்க்காலே கூடுதலாகக் கொண்டுவருகிறது. இங்கே நின்றுவிட்டால் வயல் உரத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் பாசன வாய்க்கால் வருடத்தில் 40 நாள் ஓடுகிறது என்றும் சாக்கடை 365 நாளும் ஓடுகிறது என்றும் வையுங்கள். வருடத்துக்கு ஒன்று 470 கிலோ, மற்றொன்று 4,000 கிலோ. எதை முதலில் அடைப்பது என்று இப்போது தெரிந்துவிட்டது. அதனால்தான் வாய்க்கால் ஓடிய நாட்களையும் நோட்டில் எழுதச் சொல்கிறேன்.

கண்ணால் பார்ப்பவை

ஆகாயத்தாமரை மூடியிருக்கும் பரப்பு, நெய்வேலிக் காட்டாமணக்கு கரையோரம் எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்கிறது என்பதை மாதம் ஒரு படமாக, ஒரே இடத்தில் நின்று எடுத்துவையுங்கள். கரையோரச் சேற்றை ஒரு சல்லடையில் அலசிப் பாருங்கள். தட்டான் இளம்புழு பல வகையாக இருந்தால் நல்லது. சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் அடியில் ஆக்சிஜன் குறைவு என்று பொருள். அவற்றின் உடம்பில் நம் ரத்தத்தைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பதால் அங்கும் பிழைத்துக்கொள்கின்றன. பறவைகளில் எண்ணிக்கையைவிட யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முக்குளிப்பான் முங்கி மீன் தேடுகிறது என்றால் சிறுமீன்கள் உண்டு. நாமக்கோழிக் கூட்டம் நீருக்கடிச் செடிகளைத் தின்ன வரும். வெளிச்சம் அடிவரை போகாத ஏரியில் அந்தச் செடிகள் முளைக்காது.

எப்போதெல்லாம்

வருடத்துக்குக் குறைந்தது நான்கு முறை: வடகிழக்குப் பருவமழை தொடங்கிய முதல் நல்ல மழையன்று, ஏரி நிரம்பிய தை மாதத்தில், பங்குனியில், கடைசியாகச் சேறு தெரியும் வைகாசியில். முதல் மழை முக்கியம். கோடை முழுக்கத் தெருவிலும் சாக்கடையிலும் சேர்ந்ததெல்லாம் அந்த ஒரு நாளில் வந்து சேரும். அன்று வாய்க்கால் புள்ளிகளை மட்டுமாவது பிடியுங்கள். புயல் வெள்ளம் வந்த ஆண்டைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் கொட்டியது; அதற்குப் பிறகு எடுத்த எண்களை முந்தைய வருடத்தோடு வைத்து "ஏரி தேறிவிட்டது" என்று சொன்னால் அது மழை செய்த வேலைக்கு நாம் மாலை போட்டுக்கொள்வது.

எண்ணிலிருந்து வேலைக்கு

பாஸ்பரஸ் சுமை சாக்கடையில் என்றால் ஏரியைத் தூர் வாருவதில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் அந்தச் சாக்கடையைத் திருப்பவோ சுத்திகரிக்கவோ வேண்டும். பெங்களூரு ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த கழிவுநீரைக் கோரைப்புல் சதுப்பு வழியே நடத்தி ஏரிக்குள் விடுகிறார்கள். போய்ப் பார்க்கத் தக்கது. வாய்க்காலை எல்லாம் அடைத்தும் வைகாசியில் பாஸ்பரஸ் ஏறுகிறது என்றால் அது அடிச்சேற்றிலிருந்து வருகிறது. இரும்போடு ஒட்டிக்கிடக்கும் பாஸ்பரஸ் அடியில் ஆக்சிஜன் போனவுடன் கழன்று மேலே வரும். அப்போதுதான் வண்டலை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது, அதுவும் கரையோரச் சரிவை விட்டுவிட்டு. தொட்டி மாதிரி நான்கு பக்கமும் செங்குத்தாகத் தோண்டினால் நாரைக்கு நிற்க இடம் இருக்காது. ஆகாயத்தாமரையை அள்ளினால் கரைக்கு அப்பால் கொண்டுபோய்ப் போடுங்கள். கரையிலேயே குவித்தால் அழுகி முதல் மழைக்கு அத்தனையும் உள்ளே திரும்பிவிடும்.

சட்டத்தில் ஒரு சிக்கல். 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளைத் தம் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டன. நம் ஏரிகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் செயற்கையான உள்நாட்டு நீர்நிலையையும் சேர்த்துக்கொள்கிறது, ஆகவே மனுவை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு அந்தச் சட்டத்தின் பெயரில் எழுதுங்கள். நீங்கள் பிடித்த பாட்டில் வழக்கில் சாட்சியாகாது. வாரியத்து ஆட்கள் சட்டம் சொல்லும் முறையில் பிடித்ததுதான் ஆகும். உங்கள் நோட்டின் வேலை அவர்களைச் சரியான வாய்க்காலுக்கு, சரியான நேரத்தில் வரவழைப்பது. "ஏரி மாசடைந்துள்ளது" என்று எழுதிய மனு ஃபைலில் தூங்கும். "வடக்கு வாய்க்கால், மூன்றாவது சிறுபாலத்துக்குக் கீழே, விடியற்காலை ஐந்து மணிக்கு" என்று எழுதுங்கள். நகலில் பெறப்பட்டது என்ற முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.